நாற்பது விழுக்காடு

நான்கு மணி மழை ஐந்தரைக்கு நின்றபோது
கிள்ளான் ஆறு சாலைக்கு வந்திருந்தது.
ஜாலான் துன் பேராக் முழுக்கக் காப்பி நிறம்.
அதன் நடுவே, மஸ்ஜிட் ஜாமெக் பக்கம்,
ஊதா நிறத்தில் ஒரு டியாப்லோ,
கதவின் பாதிவரை முங்கி,
இறக்கை ஒன்றை மட்டும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு.

மேலே திறக்கிற கதவு.
பக்கவாட்டில் திறந்திருந்தால் தண்ணீர் விட்டிருக்காது.
இத்தாலிக்காரர்கள் நம் வெள்ளத்தை நினைத்துச் செய்ததில்லை.
ஆனாலும் பல் மருத்துவர் லியூ வெளியே வந்துவிட்டார்.
சாலைத் திட்டில் நின்றார்,
இரண்டு காலணியும் ஒரே கையில்.

"பெலான், பெலான்" என்றார் எங்களைப் பார்த்ததும்.
மெதுவாகத்தான் இழுக்கிறோம் டாக்டர்.
மூக்கு தரையில் உரசாமலிருக்கப் பலகை போட்டு,
கொக்கி மாட்ட இடம் தேடி
தினேஸ் கழுத்தளவுத் தண்ணீரில் மல்லாந்தான்.
இழுவைச் சுருள் முனகியது.
காளை மாடு படம் போட்ட வண்டி
கன்றுக்குட்டி மாதிரி வந்தது.

செகாம்புட் பட்டறை வரை
எங்கள் இருவருக்கும் இடையில் ஈரமாக உட்கார்ந்து
நிறுத்தாமல் பேசினார்.
துக்க வீட்டில் சிலர் அப்படிப் பேசுவார்கள்.

டிராக்டர் செய்தவர்தான் இதைத் தொடங்கினாராம்.
கிளட்ச் சரியில்லை என்று வேறொரு கார்க்காரரிடம் சொல்லப்போய்
அவமானப்பட்டு வந்து தொடங்கினார் என்றும் ஒரு கதையாம்.
(டிராக்டராக இருந்தால் தானே கரையேறியிருக்கும்.
சொல்லவில்லை நான்.)
ஒரு வண்டிக்கு, பார்த்தவன் வாயில் வந்த சொல்லையே
பெயராக வைத்துவிட்டார்களாம்.
நம் பேச்சில் அடேங்கப்பா.
அடேங்கப்பா என்று ஒரு கார்! தினேஸ் குலுங்கினான்.
இன்னொன்றின் பெயர் வௌவால்.
இருபத்துநான்கு வாள்குத்து வாங்கியும் விழாத மாடாம் அது.
என் லோரியின் கதவில் அதற்குமேல் இருக்கும்.
பாலைவனத்துக்கென்று உயரமாக ஒரு ஜீப் செய்தார்கள்,
முந்நூறுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.
"அதை வாங்கியிருக்கலாமே" என்றேன்.
கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம் மட்டும்.

"இது நூற்றைம்பதில் ஒன்று" என்றார் பிறகு.
பின்கண்ணாடியில் பார்த்தேன்.
நூற்றைம்பதில் ஒன்றின் அடியிலிருந்து
சேறு சொட்டிக்கொண்டு வந்தது.

டூத்தா சுற்றுவட்டத்தில் நெரிசல்.
திடீரென்று முழங்கையால் இடித்தார்:
"தெரியுமா, தொண்ணூறுகளில் அந்தக் கம்பெனியில்
நாற்பது விழுக்காடு நம்ம மலேசியப் பணம்.
மிச்சம் இந்தோனேசியாக்காரர்கள்.
இந்தக் கே.எல். நகரத்துக்கு
அந்த மாட்டின் ஒன்றரைக் கால் சொந்தமாக இருந்தது!"
அப்புறம்?
"அப்புறம் வெள்ளி விழுந்தது.
தொண்ணூற்றெட்டில் ஜெர்மன்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்."

தொண்ணூற்றெட்டு.

செந்தூலில், என் கடை வாசலில்,
காலை எட்டு மணிக்கு வங்கி ஆட்கள்.
மூன்று தவணை பாக்கி.
இழுவை லோரியை இழுத்துப்போக
இன்னொரு இழுவை லோரி கொண்டுவந்திருந்தார்கள்.
ஓட்டி வந்தவன் எனக்குத் தெரிந்தவன்.
கொக்கியை எங்கே மாட்டுவது என்று
என்னிடமே கேட்டான்.
காட்டினேன்.

டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.
"நாற்பது விழுக்காடு போனது பெரிய விஷயந்தான்" என்றேன்.
தலையாட்டினார்.

பட்டறையில் இறக்கி மறுபக்கக் கதவையும் தூக்கியதும்
தண்ணீர் கொட்டியது, கூடவே
நீல வார் வைத்த ஒற்றை ஜப்பான் சிலிப்பர்.
யாருடையதென்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசியில் அவர் அதை எடுத்து
சுவரோரம் நேராக வைத்தார்.

ரசீது எழுதி முடிப்பதற்குள் கைப்பேசி மறுபடி.
துன் பேராக்கில் இன்னும் நான்கு மைவி,
ஒரு பழைய சாகா.
எதுவும் அபூர்வமில்லை.
எல்லாம் தவணையில் இருக்கும்.
"ஏறு" என்றேன் தினேஸிடம்.